சேர்ந்து வாசிக்க எந்தக் கருவி சரிவரும்?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு புத்தகம் சேர்ந்து வாசிக்கிறோம். ஆளுக்கொரு ஊர் என்பதால் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். நல்ல குறிப்பு ஒன்று எழுதினால் இரண்டே நாளில் மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. அதைத் தேடி எடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதனால் சில கருவிகளை முயன்று பார்க்கிறேன். கூகுள் டாக்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம், ஒரு வரியைத் தேர்ந்து அதன் ஓரத்திலேயே கருத்து இடலாம். உரையாட எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் புத்தகங்கள் கூடக் கூட ஆவணம் நீண்டுகொண்டே போகிறது.

வாசித்த புத்தகங்களைப் பட்டியலிட குட்ரீட்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. அங்குள்ள பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (அட்டவணைத் தகவலை வைக்கும் எளிய உரைக் கோப்பு) இறக்கி, அதே போன்ற ஸ்டோரிகிராஃப் தளத்தில் ஏற்றவும் முடியும். லைப்ரரிதிங் என்ற இன்னொரு புத்தகப் பட்டியல் தளம் 2005 முதலே இருக்கிறது, அதை இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

எனக்குப் பெரிய சிக்கல் பழைய தமிழ்ப் புத்தகங்கள்தான். பலவற்றில் ஐஎஸ்பிஎன் (புத்தகப் பதிப்பை அடையாளம் காட்டும் எண்) எண்ணே கிடையாது, பட்டியலில் கையால்தான் சேர்க்க வேண்டும். தலைப்பைத் தமிழில் இடுவதா, ஆங்கில எழுத்தில் இடுவதா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

அப்புறம், ஆறு பேரும் சேர்ந்து திருத்தக்கூடிய ஒரே அலமாரி, அதாவது பொதுவான புத்தகப் பட்டியல், எதிலாவது உண்டா? எங்களில் இருவர் கைபேசி மட்டுமே பயன்படுத்துகிறார்கள், புதிதாகக் கணக்குத் தொடங்கவும் தயங்குகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நகர எனக்கு மனமில்லை. பயன்படுத்திப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.