கடுங்குளிர் உடைக்குச் சொற்கள் தேவை, வெள்ளிக்குள்

அன்புள்ள குழுவினருக்கு,

உறைநிலைக்குக் கீழே திறந்தவெளியில் வேலை செய்வோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உடை பற்றிய இயலில் மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: பேஸ் லேயர், மிட் லேயர், அவுட்டர் ஷெல்.

பொருள் இதுதான். உடம்பை ஒட்டியிருப்பது வியர்வையைத் தோலிலிருந்து விலக்க வேண்டும். அதன் மேலுள்ளது அசையாக் காற்றைப் பிடித்துவைத்து உடற்சூட்டைக் காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது காற்றைத் தடுக்க வேண்டும். உள்ளிருந்து வரும் ஆவியை மட்டும் போகவிட வேண்டும். இப்போதைக்கு உள்ளாடை, இடையாடை, மேலாடை என்று எழுதியிருக்கிறேன். வியர்வையை விலக்கும் 'விக்கிங்', ஆவியைப் போகவிடும் 'பிரீதபிள்' ஆகிய இரண்டுக்கும் முறையே 'உறிஞ்சும்', 'சுவாசிக்கும்'. எதுவும் மனதுக்கு ஒப்பவில்லை.

– நா.

---

நா. அம்மாவுக்கு,

> இடையாடை

இடை என்றால் நடுவும் ஆகும், இடுப்பும் ஆகும். பக்கத்தில் ஆடை வந்துவிட்டால் படிப்பவர் கண் இடுப்புக்குத்தான் இறங்கும். 'இடையாடை அணிக' என்பதைப் படித்து ஒருவர் வேட்டியோடு கிளம்பினால் பழி உங்கள் மேல்.

உள்ளதைத் தேடாமல் புதிதாக ஆக்குவானேன்? முல்லைப்பாட்டில் 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்' இருக்கிறார்களே. உடம்பு முழுதையும் உள்ளே வாங்கும் தைத்த உடையைக் கண்டதும் நம்மவர் வைத்த பெயர் மெய்ப்பை. குளிர்நாட்டு உடைக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் கிடைக்காது. மெய்ப்பை, காப்புப்பை, புறப்பை. மூன்றும் ஒரே ஈற்றில் முடிகின்றன, மனதில் நிற்கும்.

– செ.

---

> மெய்ப்பை

ஐயா, இன்று மெய்யையும் பையையும் சேர்த்துப் படிப்பவருக்குப் பிணவறைதான் நினைவுக்கு வரும். பாதுகாப்புக் கையேட்டில் அது வேண்டாமே.

> விக்கிங் = உறிஞ்சும்

இது சொல் அழகு பற்றிய பேச்சு அன்று, உயிர் பற்றியது. நன்றாக உறிஞ்சும் துணி எது என்று யாரைக் கேட்டாலும் பருத்தி என்பார். கையேடு 'உறிஞ்சும் உள்ளாடை' என்று சொன்னால் அவர் தம் பருத்தி பனியனையே போட்டுக்கொள்வார். எதை விலக்கச் சொல்ல வந்தோமோ அதையே உடுத்தச் சொன்னதாகிவிடும்.

பருத்தி இழை நீரைத் தனக்குள் வாங்கும், எளிதில் விடாது. 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் சும்மா தொங்கும் பருத்தியே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரம் வைத்திருக்கும். அதே அறையில் பாலியெஸ்டரிடம் இருப்பது 0.4 தான். வேலை நடக்கும்வரை வேறுபாடு தெரியாது. வேலை நின்று உடற்சூடு தணியும்போதுதான் வினை. இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் இப்போது நீர் இருக்கிறது. அசையாக் காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வெப்பம் கடத்தும்.

விக்கிங் துணியில் நீர் இழைக்குள் புகுவதில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்புழைகளின் வழியே பரவி, வெளிப்பக்கம் போய், அகன்ற பரப்பில் ஆவியாகிறது. ஆகவே இது கடத்தல். 'வியர்வை கடத்தும் துணி' என்றே வையுங்கள்.

கம்பளி மட்டும் இந்த வாய்பாட்டுக்கு அடங்காது. அதே அறையில் அதன் ஈரம் 16 விழுக்காடு. நல்ல ஈரக்காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஆவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததாகவே தோன்றும். அது உறிஞ்சவும் செய்கிறது, ஆனால் பருத்தியைப் போல் தோலில் ஒட்டிக் குளிர்வதில்லை. அதனால் மெரினோ கம்பளிக்குத் தனி வரி எழுதுங்கள், ஒரே பெயரடையில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

– கு.

---

கு. சொன்னது சரி. ஆனால் கடத்துதல் எல்லாவற்றுக்கும் வரும்: மின்சாரம் கடத்தும், வெப்பம் கடத்தும், ஆளையும் கடத்துவார்கள். விக் என்பது விளக்குத் திரி. எண்ணெய் திரியில் ஏறுவதும் வியர்வை துணியில் ஏறுவதும் ஒரே நிகழ்வு. ஆகவே 'திரியேற்றம்', 'திரித்துணி'.

திரி என்பதன் வேர் முறுக்குதல். திரித்தது திரி. திரிகை, திரிபு, ஊர் சுற்றித் திரிதல் எல்லாம் சுழற்சிப் பொருளில் ஒன்று கூடும். புரி என்பதும் முறுக்கே, முப்புரி. நூல் நூற்பதே திரித்தல்தான் என்பதால் திரித்துணி என்னும் பெயர் நெசவுக்கும் பொருந்தும், செயலுக்கும் பொருந்தும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

– வே.

---

வே.,

பால் திரிந்தாலும் திரிந்ததுதான். 'திரித்துணி' என்றால் கெட்டுப்போன துணி, அல்லது விளக்குக்குக் கிழித்த பழந்துணி. மாங்காய் இரண்டும் புளிப்பு.

அடுத்து பிரீதபிள். 'சுவாசிக்கும் துணி' என்றால் காற்று உள்ளே போய்வரும் என்றுதான் பொருள்படும். காற்று போய்வந்தால் அது வெளியுடையே ஆகாது. நீராவி மட்டும் வெளியேற வேண்டும். 'ஆவி விடும் துணி' என்பீர்களோ? ஆவியை விடுவது வேறு நிகழ்வு.

– செ.

---

வேலைத்தள நோக்கில் சில சொற்கள்.

இந்தக் கையேட்டைப் படிப்பவர் உடைமாற்றும் அறையில், கொக்கியில் தொங்கும் ஏழெட்டு உருப்படிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எது முதலில், எது பிறகு, எதை எப்போது கழற்றுவது என்பது அவருக்குத் தெரியவேண்டும். சொல் வரிசையைக் காட்டினால் போதும். இலக்கியச் சான்று கொக்கியில் தொங்காது.

ஆகவே என் வாக்கு: முதலடுக்கு, நடுவடுக்கு, வெளியடுக்கு. பிரீதபிளுக்கு 'ஆவி வெளியேறும்'.

'அடுக்கு' என்பதிலும் ஒரு ஆபத்து உண்டு, அதை உரையில் சரிசெய்ய வேண்டும். அடுக்கு என்றதும் எத்தனைக்கெத்தனை மேலோ அத்தனைக்கத்தனை நல்லது என்று தோன்றும். சூடு தருவது துணி அன்று, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. ஒரே அளவுள்ள மூன்று சட்டைகளைத் திணித்து மாட்டினால் காற்று நசுங்கி வெளியேறிவிடும். வெளியடுக்கு உள்ளே இருப்பதை அழுத்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். முதுகுப்பையின் வார் அழுத்தும் தோளும், உட்காரும்போது அழுந்தும் இடமும் முதலில் குளிர்வது இதனால்தான். காலணிக்குள் இரண்டாவது காலுறையைத் திணிப்பதும் இதே பிழை. அங்கே இரத்த ஓட்டமும் சேர்ந்து குறையும்.

இன்னொன்று. சும்மா நிற்பவர் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் தருகிறது. மண்வெட்டி பிடித்தால் அது 400 வாட்டைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே உடை பொருந்தாது. வேலை தொடங்கும்போது இலேசாகக் குளிரவேண்டும். அப்போதே இதமாக இருந்தால் சற்று நேரத்தில் வியர்க்கும். வியர்த்தபின் கழற்றுவது காலம் கடந்த செயல். முதலில் கழுத்து, பிறகு அக்குள் இழுப்பான் (ஜிப்), பிறகு தொப்பி, அதன்பின் நடுவடுக்கு என்று வியர்க்குமுன்பே திறந்துகொண்டு வரவேண்டும். வேலை நின்றதும், குளிரத் தொடங்குமுன், மேலே ஒரு தடித்த அங்கியைப் போடவேண்டும். இந்த வரிசைக்கு ஏற்ற பெயர்கள்தான் தேவை.

– இரா.

---

இரா. சொன்னதைக் கேட்டதும் அடுக்குத்தொடர்தான் நினைவுக்கு வந்தது. பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர், பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. தனித்தனியே கழற்றக்கூடிய மூன்று உருப்படிகள் அடுக்கு. உள்துணி, பஞ்சு, மேல்துணி எல்லாம் சேர்த்துத் தைத்த ஒற்றைத் தடியங்கி இரட்டைக்கிளவி; வியர்த்தால் பிரிக்க வழியில்லை. இலக்கணமே 'அடுக்கு' பக்கம் நிற்கிறது.

ஆனால் நம் மரபு 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே'. மூன்றாவதற்குச் சொல் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மயிலுக்கு பேகன் கொடுத்ததும் ஒரே ஒரு படாம், அதாவது போர்வை. 'மடத்தகை மாமயில் பனிக்கும் என்று' கொடுத்தான். பனித்தல் அங்கே நடுங்குதல். கையேட்டில் 'பனி' வரும் இடங்களையும் பாருங்கள்: பனிக்கடி (குளிரில் தோல் உறைந்து கெடுவது) என்றால் பனி பெய்தால்தான் கடிக்கும் என்று நினைப்பார்கள். வானம் தெளிந்திருந்தாலும் காற்றும் குளிரும் போதும்.

வெளியடுக்குக்கு 'உரி' எப்படி? 'அரவுரி அன்ன அறுவை', பாம்புரி போன்ற துணி, என்கிறது பொருநராற்றுப்படை. பாம்பு உரிப்பதைச் சட்டை என்றே இன்றும் சொல்கிறோம். உரிப்பதற்கு எளிதானது உரி.

– வே.

---

> அறுவை

இதை மட்டும் கையேட்டில் போட்டுவிடாதீர்கள், பக்கத்தில் மருத்துவர் பெயர் கேட்பார்கள்.

முதலடுக்குக்கு என் பரிந்துரை 'ஒட்டாடை'. தோலை ஒட்டிய ஆடை. ஒட்டியிருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை. தொளதொளவென்று இருந்தால் வியர்வை துணியைத் தொடாமல் தோலிலேயே நிற்கும்.

– கு.

---

ஒட்டாடை என்பதை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'ஒட்டாத ஆடை' என்றே படிப்பார்கள்.

– இரா.

---

படிக்கக்கூடாது. ஒட்டா + ஆடை என்றால் வகர உடம்படுமெய் பெற்று 'ஒட்டாவாடை' ஆகும். ஒட்டு + ஆடை என்றால் குற்றியலுகரம் கெட்டு 'ஒட்டாடை'. இரண்டும் வேறு. புணர்ச்சி தெரியாதவருக்காக மொழியை மாற்ற முடியாது.

(ஒட்டாவாடையில் வாடை ஒளிந்திருப்பதையும் காண்க. வடக்கிலிருந்து வருவது வாடை. அதை ஒட்டவிடாதது ஒட்டாவாடை. வெளியடுக்குக்கு இதுவே பெயராகலாம்.)

– செ.

---

உடைமாற்றும் அறையில் நன்னூல் தொங்காது என்று மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது.

– இரா.

---

அனைவருக்கும் நன்றி. நாளை மாலைக்குள் அனுப்பவேண்டும் என்பதால் வரைவு:

"முதலடுக்கு தோலை ஒட்டியிருக்கும். வியர்வை கடத்தும் செயற்கை இழையோ மெல்லிய கம்பளியோ ஆகலாம், பருத்தி கூடாது. நடுவடுக்கு காற்றைப் பிடித்துவைக்கும் தடித்த கம்பளி, ஃபிளீஸ் அல்லது இறகடைத்த அங்கி. வெளியுறை நீர்புகாதது, ஆவி வெளியேற்றுவது."

ஷெல்லுக்கு மட்டும் 'உறை' வைத்தேன், அது இழைகளை அடுக்கும் வேலையைச் செய்யாமல் மூடும் வேலையைச் செய்வதால்.

– நா.

---

மூன்று திருத்தங்கள்.

'நீர்புகாதது' என்பதை 'காற்றுப்புகாதது' ஆக்குங்கள். -30 பாகையில் மழை வராது. அங்கே எதிரி காற்றுதான்: -20 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், 2001இல் கனடாவும் அமெரிக்காவும் ஏற்ற வாய்பாட்டின்படி வெற்றுத்தோலுக்கு அது -33 போல் இருக்கும். நீர்புகாப் படலமுள்ள துணியில் வியர்வை ஆவி உட்பக்கத்தில் உறைந்து வெண்துகளாகப் படியும். கூடாரத்துக்குள் வந்ததும் அது உருகி நடுவடுக்கை நனைக்கும். மழையில்லாக் கடுங்குளிருக்கு நெருக்கமாக நெய்த, படலமில்லாத துணியே மேல். உறைநிலையை ஒட்டி, ஈரப்பனியும் மழையும் கலந்து வரும் இடத்தில்தான் நீர்புகாத் துணி வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிர் கூடக்கூட உடையும் இன்னும் இறுக்கமாக அடைத்ததாக வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இறகடைத்த அங்கி நனைந்தால் இறகு கட்டிதட்டி உப்பல் போய்விடும், உப்பல் போனால் காப்பும் போகும். வியர்க்கும் வேலைக்குச் செயற்கைப் பஞ்சு. ஓய்வில் மேலே போட இறகு. 'உப்பல்' என்னும் சொல்லை லாஃப்டுக்கு, அதாவது இறகு காற்றோடு உப்பி நிற்பதற்கு, எடுத்துக்கொள்ளலாம், பூரிக்குப் பொருந்தும் சொல் அங்கிக்கும் பொருந்தும்.

தீப்பொறி தெறிக்கும் வேலைக்குத் தனிக் குறிப்பு போடுங்கள். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அவர்களுக்கு முதலடுக்கு கம்பளியே.

– இரா.

---

உறை என்னும் பெயரும் உறைதல் என்னும் வினையும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் திகைப்பார். 'வெளியுறை உறைந்தால்...' என்று எழுதிப் பாருங்கள். உறை, உறைதல், உறைவிடம், உறையூர் இவற்றின் உறவை எழுதப் புகுந்தால் வெள்ளி போய்விடும்.

– வே.

---

வே. சொன்னதை ஏற்று வெளியுறையை மீண்டும் வெளியடுக்கு ஆக்கிவிட்டேன். முதலடுக்கு, நடுவடுக்கு, வெளியடுக்கு, வியர்வை கடத்தும், ஆவி வெளியேறும், உப்பல். இரா., கு., வே. மூவரும் இசைவு. செ. ஐயா இசையவில்லை.

கடைசியாக ஒன்று. மிட்டன். நால்விரலும் ஒரே அறையில், கட்டைவிரல் தனியே. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும் என்பதால் ஐவிரல் கையுறையைவிட இதுவே கடுங்குளிருக்கு ஏற்றது. திருகாணி முடுக்கும்போது கழற்றினாலும் வெறுங்கை உலோகத்தைத் தொடாதபடி உள்ளே மெல்லிய ஐவிரலுறை ஒன்று இருக்கவேண்டும். 'விரலில்லாக் கையுறை' என்று எழுதினேன்.

– நா.

---

உடனே மாற்றுங்கள்! விரல்நுனி வெட்டிய கையுறையைத்தான் அப்படிச் சொல்வார்கள். குளிரில் முதலில் உறைவது அந்த நுனிகள்தான்.

– கு.

---

மெய் புகுவது மெய்ப்பை என்றால் கை புகுவது என்ன? அன்றே சொன்னேன். கைப்பை.

– செ.

---

'கூட்டுவிரல் கையுறை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். படமும் வைத்திருக்கிறேன்.

– நா.