சின்ன வயசுல எழுத்துக்கூட்டி படிக்கவே திணறுனவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

கொம்புசுழி:
நான் இருக்கேன். அஞ்சாவது வரைக்கும் எனக்கு வாசிக்கவே வராது, ஆனா பக்கத்துல இருக்கவன் படிக்கிறத காதுல வாங்கி வச்சுகிட்டு என் டர்ன் வந்ததும் அப்படியே ஒப்பிச்சிருவேன், விரல் வச்சு படின்னு டீச்சர் சொன்னா மட்டும் மாட்டிக்குவேன் ஏன்னா வாய் மூணாவது வரிக்கு போயிருக்கும் விரல் ரெண்டாவதுலயே நிக்கும். ண, ன வந்தா சுழி எண்ணியே நேரம் போயிரும். அதவிட கொடுமை கொம்பு. 'கொடை'ன்னு இருந்தா முன்னாடி ஒரு கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், அதுக்கப்புறம் இன்னொரு சுழி, இதுல எது எதோட சேருதுன்னே புரியாம கெ, கா, டன்னு படிப்பேன், கிளாஸே சிரிக்கும். மக்குன்னு வீட்ல முடிவே பண்ணி ஒர்க்‌ஷாப்ல சேத்துவிட பேசிட்டாங்க.

ஆறாவதுல வந்த தமிழ் சார் தான் பழைய கல்யாணப் பத்திரிகைல ஒரு சொல் தெரியுற அளவுக்கு ஓட்டை வெட்டி குடுத்தாரு, அத வரி மேல நகத்தி நகத்தி தான் படிப்பேன். சாயங்காலம் மணல்ல பெருசா எழுதி வாய்விட்டு சொல்லணும். எழுத்த வாசிக்க திணறுற இந்த கற்றல் குறைபாட்டுக்கு டிஸ்லெக்சியாங்கிற பேரெல்லாம் அவரும் சொன்னதில்ல, எனக்கும் ரொம்ப நாள் கழிச்சு தான் தெரியும்.

பத்தாவது முடிச்சு டிப்ளமோ மெக்கானிக்கல். இன்ஜினியரிங் டிராயிங்ல ஃபர்ஸ்ட் ஆங்கிள்னு ஒரு முறை, அதுல மேல இருந்து பாக்குற டாப் வியூவ முன்னாடி இருந்து பாக்குற ஃப்ரன்ட் வியூவுக்கு கீழ வரையணும், பசங்க எல்லாம் அங்கயே குழம்புவாங்க, எனக்கு பாத்ததும் புரிஞ்சுது, வாழ்க்கைல முதல் தடவையா எங்கிட்ட வந்து டவுட் கேட்டானுங்க. அப்புறம் லேட்டரல் என்ட்ரில நேரா பிஇ செகண்ட் இயர். இன்னைக்கும் ஸ்லோ தான், பெரிய மெயில் வந்தா போனையே படிக்க விட்டு கேட்டுக்குவேன்.

ரெண்டுபசங்கம்மா:
அண்ணா, என் பெரியவன் அப்படியே நீங்க தான், எட்டாவது படிக்கிறான். வாயால கேட்டா எல்லாம் சொல்றான், பேப்பர்ல ஒண்ணும் இல்ல. பரீட்சைக்கு ஆள் வச்சு எழுதலாமான்னு ஸ்கூல்ல கேட்டா அதெல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்கு தான்னு அனுப்பிட்டாங்க.

கொம்புசுழி:
தப்பா சொல்லிருக்காங்கம்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்குற 21 வகைல கற்றல் குறைபாடும் ஒண்ணு. சர்டிபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல சொல்றத எழுத ஆளும் கிடைக்கும், கூடுதல் நேரமும் உண்டு. டெஸ்ட், சர்டிபிகேட்னு அலையவே மாசக்கணக்கா ஆகும், அதனால பத்தாவது வரட்டும்னு இருக்காம இப்பவே ஆரம்பிங்க, ஸ்கூல்ல எழுத்துல மனு குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க.