களி சாப்பிடும் குடும்பங்களை அறிமுகப்படுத்த முடியுமா?

வணக்கம் உறவுகளே. பல்கலைக்கழக நீரிழிவு ஆய்வுக்கூடம் ஒன்றில் முதுநிலை ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். தினமும் ராகிக் களி சாப்பிடுகிறவர்களின் ரத்தச் சர்க்கரையை, மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிடப் போகிறோம். 2023இல் நம் தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்தே இந்த எண்ணம் எனக்கு உண்டு.

பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டி பக்கம் இன்னும் களியை விடாத குடும்பங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். சம்மதம் வாங்கித்தான், வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்போம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பார்ப்போம். ரத்தசோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றிவிடும், அதனால் ஹீமோகுளோபினும் உண்டு. முடிவை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

அப்புறம், இதுதான் பெரிய கவலை. குழாயில் எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்தால் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கவென்றே உள்ள சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறையத்தான் செய்யும். அதனால் எடுத்த உடனே அணுக்களைப் பிரித்தாக வேண்டும். பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ, ரத்தத்தைச் சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜும் ஃப்ரிட்ஜும் உள்ள லேப் வைத்திருப்பவர்கள், காலை நேரத்தில் மட்டும் இடம் கொடுத்தால் போதும். உரிய கட்டணம் தருகிறோம். கமெண்டில் ஊர் பெயரை மட்டும் போடுங்கள், நானே தொடர்புகொள்கிறேன்.