டெக்னிக்கல் பாதை ரேஸுக்கு 205 கிராம் ஷூவா, 310 கிராம் ஷூவா?

முதல்ஏற்றம்:
வணக்கம். இன்னும் ஏழு வாரத்தில் எனக்கு ஒரு மலைப்பாதை ரேஸ். 42 கி.மீ., மொத்த ஏற்றம் சுமார் 2,400 மீட்டர். டெக்னிக்கல் பாதை என்பார்களே, அதுதான்: பாதிக்கு மேல் உருளும் கற்களும் மர வேர்களும். நடுவில் இரண்டு ஓடைகளைத் தாண்ட வேண்டும். 26ஆவது கி.மீ.யில் வழவழப்பான பாறைமேல் நீளமான ஓர் இறக்கம் ஆரம்பிக்கிறது. என் கணக்கில் ஏழு மணி நேரம் ஆகும்.

இதுவரை ஓடியதெல்லாம் குஷன் தடித்த ஒரு ஷூவில்தான். ஒற்றை ஷூ 310 கிராம், குதிகால் பக்கம் 34 மி.மீ. உயரம். போன மாதம் ரேஸுக்கென்றே 205 கிராமில் ஒன்று வாங்கினேன். குதிகாலில் 22 மி.மீ., சோலில் 4 மி.மீ. பற்கள். இரண்டு தடவைதான் போட்டிருக்கிறேன். கூட ஓடுகிறவர்களில் பாதிப் பேர் ரேஸ் என்றால் லேசான ஷூதான் என்கிறார்கள். மீதிப் பேர் பாதம் பழுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதைப் போடட்டும்?

பாறைப்பல்லி:
லேசானதைப் போடுங்கள், தம்பி.

42 கி.மீ.க்கு ஏறத்தாழ 42,000 அடி வைப்பீர்கள். ஒரு காலுக்கு 21,000. ஒவ்வொரு அடிக்கும் 105 கிராம் கூடுதல் என்றால், ரேஸ் முடிவதற்குள் ஒரு கால் மட்டும் இரண்டு டன்னுக்கு மேல் வீணாகத் தூக்கியிருக்கும். இடுப்புப் பையில் இருக்கும் எடை சும்மா கூடவே வரும். பாதத்தில் இருக்கும் எடை அப்படியில்லை. அடிக்கு அடி முன்னால் வீசி, நிறுத்தி, மறுபடி வீச வேண்டும். 2016இல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், ஓடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஷூவுக்குள் ஈயக் குண்டுகளை ஒளித்துவைத்து ஓடவிட்டார்கள். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆற்றல் கூடுதலாகச் செலவானது. 3,000 மீட்டர் ஓட்டத்தில் நேரமும் அதோடு சேர்ந்து கூடியது.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கணுக்கால். தடித்த சோலில் பாதம் தரையிலிருந்து உயரத்தில் நிற்கிறது. ஒரு கல்லின் விளிம்பில் சோல் சாய்ந்தால், அந்த உயரமே நெம்புகோலாகிக் கணுக்காலைத் திருப்பிவிடும். நான்கு வருடம் முன்பு எனக்கு நடந்தது இது. முஷ்டி அளவுக் கல், தடித்த மிருதுவான ஷூ. கல் காலடியில் இருக்கிறது என்பதே சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, ஐந்து வாரம் ஓட்டம் கிடையாது. மெல்லிய சோலில் கல்லை மிதித்த கணமே பாதம் உணர்ந்துவிடும், முழு எடையையும் அதன்மேல் போடுவதற்குள் காலை எடுத்துவிடலாம்.

மலை ஓட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் 2022 யூடிஎம்பியில், அதாவது மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் ரேஸில், போட்டது சுமார் 200 கிராம் ஷூ. 170 கி.மீ. தூரம், 10,000 மீட்டர் ஏற்றம், 19 மணி 49 நிமிடம். லேசான ஷூ தூரத்துக்குத் தாங்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வேர்த்தடம்:
பாறைப்பல்லி அண்ணா சொன்ன ஆய்வு சரிதான். அதையே ஏழு மணி நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 100 கிராமுக்கு நேரம் கூடியது 0.78 சதவீதம். 420 நிமிடத்தில் நம் 105 கிராமுக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் வரும். அதுவும் சமதளத்தில் நிற்காமல் ஓடினால்தான். தம்பி ஏற்றத்தில் பெரும்பகுதி நடந்துதான் போகப்போகிறார்.

அந்த மூன்றரை நிமிடத்துக்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எனக்கும் இப்படித்தான் 50 கி.மீ. ரேஸுக்கு மெல்லிய ஷூ போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் 20 கி.மீ. பறந்தேன், பொய் சொல்ல மாட்டேன். 28இல் ஒரு கூர்க்கல் முன்பாதத்தில், இரண்டாம் விரலுக்குக் கீழே, சரியாகக் குத்தியது. ரத்தமில்லை, ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லும் அதே இடத்தைத் தேடி வந்து குத்துவதுபோல் இருந்தது. இறக்கத்தில் ஓட வேண்டிய இடத்தில் பூனைபோல் கால் வைத்து இறங்கினேன். 36இல் விலகிவிட்டேன். சாக்ஸைக் கழற்றினால் அந்த இடம் நாவல் பழ நிறத்தில் இருந்தது. மெல்லிய சோல் அன்று என்னிடமிருந்து பறித்தது ஒரு ரேஸையே.

கிலியன் சின்ன வயதிலிருந்தே மலைக் குடிலில் வளர்ந்தவர். அந்தப் பாதத்துக்கு 200 கிராம் போதும். தம்பியின் பாதம் இதுவரை 34 மி.மீ. குஷனில் வளர்ந்திருக்கிறது.

இன்னொன்று. 2012இல் அதே கொலராடோக்காரர்கள் வெறுங்காலையும் ஷூவையும் ஒப்பிட்டார்கள். காலிலிருக்கும் எடையைச் சமமாக்கிவிட்டுப் பார்த்தால், ஷூ போட்டு ஓடும்போது 3 முதல் 4 சதவீதம் ஆற்றல் மிச்சம். குஷனும் வேலை செய்கிறது, அது வெறும் சுமையில்லை.

பாறைப்பல்லி:
அந்த 2012 ஆய்வை நானும் அறிவேன். அதில் போட்டது 150 கிராம் அளவிலான மெல்லிய ஷூ, அக்கா. அவ்வளவு கொஞ்சம் குஷனே அந்தப் பலனைத் தருகிறது என்றால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி. 34 மி.மீ. வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

வேர்த்தடம்:
அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது டிரெட்மில்லில், உடம்பு சோர்வதற்கு முன் அளந்த கணக்கு. நான் பேசுவது 26ஆவது கி.மீ.க்கு மேல், தொடை கெட்டியாகி, கால் எங்கே விழுகிறது என்பதே நம் கையில் இல்லாத நேரத்தைப் பற்றி. கல்லை உணர்ந்து காலை எடுத்துவிடலாம் என்றீர்களே, அந்த நேரத்தில் எடுக்க முடியுமா?

சகதிக்கால்:
நீங்கள் இருவரும் கிராமிலேயே நிற்கிறீர்கள். எனக்குத் தெரிந்து டெக்னிக்கல் பாதையில் முதல் கேள்வி ரப்பர். 26ஆவது கி.மீ.யில் வழவழப்பான பாறை இறக்கம், அதற்கு முன் ஓடை என்று முதல்ஏற்றமே எழுதியிருக்கிறார். ஈரமான சோலோடு அந்தப் பாறையில் கால் வைக்கும்போது 205ஆ 310ஆ என்று பாறைக்குத் தெரியாது.

ரப்பர் மிருதுவாக இருந்தால் ஈரப்பாறையைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். இரண்டையும் ஒரே சோலில் முழுசாக எதிர்பார்க்க முடியாது. பின்லாந்தின் விஜே ஷூக்கள் பியூட்டைல் ரப்பருக்காகவே பேர் வாங்கியவை. பல்லின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மெல்ல மேலே வந்தால் மிருது. நகமே வளைந்தால் அந்த ஷூ ஈரப்பாறைக்கு வேண்டாம்.

பல்லின் நீளமும் அப்படித்தான். இனோவ்-8 மட்கிளா என்ற சேற்று ஷூவில் 8 மி.மீ. பல். சேற்றிலும் புல்சரிவிலும் ஆணி அடித்தமாதிரி நிற்கும், பல்லுக்குப் பல் இடைவெளி இருப்பதால் சேறும் உதிர்ந்துவிடும். அதையே தட்டையான பாறைக்குக் கொண்டுவந்தால் தரையைத் தொடுவது பல்லின் நுனி மட்டும்தான், அதுவும் வளைந்து கொடுக்கும். உங்கள் பாதைக்கு 4 மி.மீ. சரியான அளவு. பெருமழை பெய்து மண் சேறாகிவிட்டால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

இனோவ்-8 எக்ஸ்-டாலன் 212 என்று ஒரு பழைய ஷூ உண்டு. அந்த 212 என்பதே கிராம் கணக்கு, எடையையே பேராக வைத்திருந்தார்கள். அதில்தான் நான் இறக்கம் ஓடப் பழகினேன். எடை குறைவு என்பதற்காக அதை நேசிக்கவில்லை. கால் வைத்த இடத்தில் கால் நின்றது, அதனால் அடுத்த அடியை தைரியமாக வைத்தேன்.

ஒற்றையடிப்பாதை:
இடையில் ஒரு சந்தேகம். கார்பன் பிளேட் போட்ட டிரெயில் ஷூ இப்போது வருகிறதே, அது இவருக்கு உதவாதா?

சகதிக்கால்:
சமமான மண்பாதையாக இருந்தால் பார்க்கலாம். உருளும் கல்லில் விறைப்பான பிளேட் பலகைமாதிரி ஒரே பக்கமாகச் சாயும். இவருக்கு வேண்டாம்.

முதல்ஏற்றம்:
எல்லாருக்கும் நன்றி. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். 205இல் நகம் பதிகிறது, 310இல் பதியவே இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. 205இல் ஒரு பிரச்சினையும் இருக்கிறது. இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி, பெருவிரல் ஷூ நுனியில் இடிக்கிறது. அளவு சின்னதா?

வேர்த்தடம்:
நின்றபடி பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா? இருந்தால் அளவு சரி, நடுப்பாதம்தான் தளர்வு. அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சரிவில் குறுக்காக ஓடும்போது கால் ஷூவுக்குள்ளேயே வழிந்து வெளிவிளிம்பில் போய் நிற்கும்.

கடைசித் துளையைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை, அதற்கு வேலை கொடுங்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்தின் கடைசித் துளையில் நுழைத்து ஒரு சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படி. பிறகு வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்து இழுங்கள். மேலே இழுக்காதீர்கள், கீழே குதிகால் பக்கமாக இழுங்கள், குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, பாதம் கொஞ்சம் வீங்கியபின், ரேஸுக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு கட்டிப் பாருங்கள்.

பாறைப்பல்லி:
அக்கா சொன்ன லேஸ் முறைதான் நானும் போடுவது. அதோடு ஒன்று செய்யுங்கள். பெட்டியில் எழுதிய கிராமை நம்பாதீர்கள், அது ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் எழுதியது, உங்கள் அளவில் வேறாக இருக்கும். சமையலறைத் தராசில் உங்கள் ஷூவையே வையுங்கள். அப்புறம் இரண்டையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, பத்து நிமிடம் போட்டு நடந்துவிட்டு மறுபடி வையுங்கள். ஓடை தாண்டியபின் நீங்கள் ஓடப்போவது அந்த எடையோடுதான்.

முதல்ஏற்றம்:
செய்துவிட்டேன், அண்ணா. காய்ந்த நிலையில் 105 கிராமாக இருந்த வித்தியாசம் நனைந்து நடந்தபின் 150ஐத் தாண்டிவிட்டது. தடித்த ஷூவின் குதிகால் பட்டையும் நாக்கும் பஞ்சுமாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. விரலால் அழுத்தினால் நுரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மெல்லிய ஷூவில் வலைத்துணி மட்டும்தான், பத்து நிமிடத்தில் அநேகமாக வடிந்துவிட்டது.

இன்று விடியற்காலை மழைக்குப் பிறகு, எனக்குப் பழக்கமான ஒரு பாறை இறக்கத்தில் இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டு இறங்கினேன். கால் புதிதாக இருந்தபோது 205 தெளிவாக வேகம். 310இல் இரண்டு இடத்தில் வழுக்கி, கையை ஊன்றினேன். பிறகு 22 கி.மீ. ஓடிவிட்டு வந்து மறுபடி இறங்கியபோது 205இல் முன்பாதம் எரிந்தது, வேர்த்தடம் அக்கா சொன்ன அதே பூனை நடை. 310இல் பாதத்துக்கு வலியில்லை, ஆனால் பாறையை நம்பவே முடியவில்லை. இரண்டு பேருமே சரி சொன்னதுபோல் இருக்கிறது, எனக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது.

வேர்த்தடம்:
குழப்பம் எதற்கு? உங்கள் கையில் இருப்பது பாறையைப் பிடிக்காத பாதுகாப்பும், பாதுகாப்பில்லாத பிடிப்பும். 250, 260 கிராமில், முன்பாதத்தில் கல் குத்தாமல் தடுக்கும் மெல்லிய தகடு, அதாவது ராக் பிளேட், வைத்து, மிருதுவான ரப்பர் போட்ட ஷூக்கள் இருக்கின்றன. ஏழு வாரத்தில் மூன்றாவது ஒன்றுக்கு மாற நேரம் இருக்கிறது.

பாறைப்பல்லி:
நான் இதை ஏற்கவில்லை. பாதம் பழகும். எரிச்சல் வந்தது மூன்றாவது தடவை போட்டபோது, அதுவும் 22 கி.மீ.க்குப் பிறகு. வாரம் இரண்டு சின்ன ஓட்டம் கல்பாதையில், அப்புறம் மெல்ல தூரம் கூட்டினால் ஐந்து வாரத்தில் இதே பாதம் வேறாக இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். குதிகால் உயரம் குறைவதால் கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் வேலை கூடும். காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே இறுக்கம் இருந்தால் அன்று பழைய ஷூவைப் போடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

வேர்த்தடம்:
தோல் பழகும், தசை பழகும். எலும்புக்கு ஐந்து வாரம் போதாது, அண்ணா. எனக்குக் குத்திய இடம் நடக்கும்போது வலிக்காமலிருக்கவே ஒரு மாதம் ஆனது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

முதல்ஏற்றம்:
சரி, என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வாரம் 205இல் பழகுகிறேன், அண்ணா சொன்னபடி. நான்காவது வாரக் கடைசியில் 32 கி.மீ. ஒன்று ஓடி, கடைசியில் அதே பாறை இறக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அங்கே முன்பாதம் எரிந்தால் விவாதமே வேண்டாம், அக்கா சொன்ன ராக் பிளேட் ஷூவுக்கு மாறிவிடுகிறேன், மூன்று வாரம் மிச்சமிருக்கும். 310 ரேஸுக்கு வராது, அதை முடிவு செய்தது எடை இல்லை, ரப்பர்தான்.

வேர்த்தடம்:
நல்ல திட்டம். 32 கி.மீ. அன்று மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். கடைசி இறக்கத்தில் எத்தனை இடத்தில் ஓடாமல் நடந்தீர்கள் என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையை இங்கே போடுங்கள்.

சகதிக்கால்:
அன்றைக்கு மழை இல்லையென்றால் இறக்கத்துக்கு முன் ஓடையில் சோலை நனைத்துக்கொண்டு போங்கள். அப்புறம், 205இல் கடைசித் துளை வரை கட்ட பழைய லேஸின் நீளம் போதுமா? போதாதென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். புது லேஸ் முதல் சில ஓட்டத்தில் இழுபட்டுத் தளரும். ரேஸ் அன்று பாறை நடுவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.