கலைச்சொல் உதவி: இறக்கத்தில் ஓடும் பலகையும் அதன் உறுப்புகளும் (வெள்ளிக்குள் தேவை)

தாப்பாவிலிருந்து, திங்கள் காலை

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் தோட்டப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பலகை (ஸ்கேட்போர்டு) ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். செம்பனைக்கு நடுவே பழைய ரப்பர் ஆலைக்கு இறங்கும் தார்ச்சாலையைத் தோட்ட நிர்வாகம் இரண்டு மணி நேரம் அடைத்துக் கொடுக்கிறது. கூம்புகளுக்கிடையே நெளிந்து நெளிந்து போகும் ஸ்லாலம், நேரே இறக்கத்தில் விரையும் டவுன்ஹில் என்று இரண்டு வகை. எதற்கு எந்தப் பலகை, எந்தச் சக்கரம், எப்படிப் பொருத்துவது என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பணம் கொடுத்துப் பலகை வாங்கித் தரப்போகும் பெற்றோர் பலர் தமிழில் படித்தால்தான் நிறைவாகப் புரிந்துகொள்வார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

இப்போதைக்கு இட்டிருக்கும் சொற்கள்: சறுக்குப்பலகை, வளைவோட்டம் (ஸ்லாலம்), இறக்க ஓட்டம் (டவுன்ஹில்). பலகைக்கு அடியில் அச்சைப் பிடித்துக்கொண்டு, நாம் சாய்ந்த பக்கம் திருப்பிவிடும் உலோக உறுப்புக்குச் சொல் அமையவில்லை. 'டிரக்' என்று எழுதினால் எங்கள் ஊரில் குலை ஏற்றும் லாரியைத்தான் நினைப்பார்கள். அந்த உறுப்பைக் கோத்துப் பிடிக்கும் போல்ட்டான கிங்பின், அதில் கோத்திருக்கும் அமுங்கும் வளையமான புஷ்ஷிங் (புஷ்) ஆகியவையும் அப்படியே நிற்கின்றன.

பினாங்கிலிருந்து, திங்கள் இரவு

டீச்சர், முதல் சொல்லிலேயே எனக்குத் தடை இருக்கிறது. பலகை சறுக்குவதில்லை, உருள்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. இறக்கத்தில் உண்மையாகவே சறுக்க வேண்டிய ஒரு கணம் வருகிறது. ஓட்டுபவர் குந்தி, வில்லை பதித்த கையுறையைத் தாரில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்புவார். அப்போது சக்கரம் போகும் திசையில் உருளாமல் தேய்த்துக்கொண்டு போகும், வேகம் அறுபடும். அதுதான் பிரேக். முழுப் பலகைக்கும் சறுக்குப்பலகை என்று பெயர் வைத்துவிட்டு, "வளைவுக்கு முன்னால் சறுக்கு" என்று கையேட்டில் எழுதினால், புதிதாக வந்த பிள்ளை "ஓட்டிக்கொண்டே போ" என்று எடுத்துக்கொள்ளும்.

2017இல் கனடாவின் கியூபெக்கில் பீட்டர் கானலி மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகத்தில் நின்றபடியே இறங்கினார். அவர் உருண்டுதான் இறங்கினார். உருள்வது ஒரு வினை, சறுக்குவது வேறு வினை. இரண்டுக்கும் தமிழில் சொல் இருக்கும்போது ஏன் கலக்க வேண்டும்? உருள்பலகை என்று வைக்கலாம்.

ஈப்போவிலிருந்து, செவ்வாய் அதிகாலை

உருள்பலகையை மனமார ஏற்கிறேன். "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து" என்று வள்ளுவர் வினைத்தொகையாகவே நமக்குத் தந்திருக்கிறார். அதே குறளில் கிங்பின்னுக்கும் சொல் கிடைத்துவிட்டது: அச்சாணி.

டவுன்ஹில்லுக்கு 'இறக்க ஓட்டம்' வேண்டாம். 'இறக்க' என்ற சொல்லை முதலில் படிக்கும் தாய்க்கு என்ன தோன்றும்? சாவு நினைவுக்கு வரும் சொல்லைப் பிள்ளையின் கையேட்டில் வைக்கலாகாது. நமக்கு 'இழி' இருக்கிறது. புறநானூற்று 102ஆம் பாட்டை அன்பர்கள் எடுத்துப் பாருங்கள். எருது இளையது, நுகம் பழகாதது, வண்டியில் பாரம் மிகுதி. "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்ன நேருமோ என்று உப்பு வணிகரான உமணர் கீழ்மரத்தில் சேம அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒளவையார் பாடியது. இழிதல் என்பது பள்ளத்தில் இறங்குதல். அதே வரியில் ஏறுதல் எதிர்ச்சொல்லாக நிற்கிறது. உப்பு வண்டி இறங்கியதற்குப் பொருந்திய சொல் பலகை இறங்குவதற்குப் பொருந்தாதா? இழியோட்டம் என்க. ஸ்லாலமுக்கு நுடங்கோட்டம். நுடங்குதல் கொடிக்கும் கொடியிடைக்கும் வரும் சொல், துவண்டு அசைவது. கூம்புகளுக்கிடையே உடல் செய்வதும் அதுதான்.

சேம அச்சு என்ற தொடரையும் கையேட்டில் எங்காவது சேர்க்க வேண்டும். மாற்று அச்சு கைவசம் வைத்திருக்கும் பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

கிள்ளானிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயாவுக்கு வணக்கம். நான் பட்டறைக்காரன், இலக்கியத்தில் உங்களோடு நிற்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அச்சாணி எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மாட்டுவண்டியில் அச்சின் நுனியில், சக்கரத்துக்கு வெளியே செருகுவதுதான் அச்சாணி. சக்கரம் கழன்று போகாமல் தடுப்பது அதன் வேலை. பலகையில் அந்த வேலையைச் செய்வது அச்சு நுனியில் இருக்கும் நட்டு. கிங்பின் வேறு. அடித்தட்டிலிருந்து சாய்வாகக் கிளம்பி, இரண்டு புஷ்ஷையும் அச்சு பூட்டிய உடற்பகுதியையும் கோத்துப் பிடிக்கும் போல்ட் அது.

"அச்சாணியை இறுக்கு" என்று கையேட்டில் போட்டால், விவரம் தெரிந்த பையன் சரியாகச் சக்கர நட்டைத்தான் இறுக்குவான். பேரிங் நெரிபட்டுச் சக்கரம் சுற்றாது. நடுவில் இருப்பது தளர்ந்தபடியே கிடக்கும், வேகத்தில் பலகை ஆடும். வள்ளுவர் சொன்ன அச்சாணியை வள்ளுவர் சொன்ன இடத்திலேயே வைத்து, நட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். கிங்பின்னுக்கு நடுவாணி.

டிரக்குக்குத் திருப்பச்சு எப்படி? திருப்பு, அச்சு, இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். புஷ்ஷைப் புஷ் என்றே விடுங்கள். மலேசியாவில் எந்தத் தமிழ் மெக்கானிக்கிடம் கேட்டாலும் புஷ் என்றுதான் எடுத்துக் கொடுப்பார். பேரிங்கும் அப்படியே. கடையில் 608 என்று கேட்டால் போதும்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிப்பு 7.

ஈப்போவிலிருந்து, செவ்வாய் இரவு

அச்சாணி பற்றிக் கிள்ளான் அன்பர் சொன்னது முற்றிலும் சரி. நடுவாணி நல்ல சொல். திருப்பச்சு ஏதோ திருத்தலத்தின் பெயர்போல் ஒலிக்கிறது. ஆயினும் புணர்ச்சியில் குறையில்லை.

புஷ் என்பதை ஏற்க மாட்டேன். "வடசொற் கிளவி வடஎழுத் தொரீஇ" என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கே விதி வகுத்திருக்கும்போது, ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஷகர ஒற்றைச் சொல்லின் இறுதியில் நிறுத்தி வைக்கும் சலுகை எதற்கு? பயன்பாடு என்று காரணம் சொல்வீர்கள். 'இணையம்' என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாகத்தான் இருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அதை ஆக்கித் தந்தபோது கடைக்காரரைக் கேட்டுவிட்டா ஆக்கினார்? இன்று தமிழுலகம் முழுவதும் அதைத்தான் சொல்கிறது. மெத்துவளையம் என்று வையுங்கள். அமுங்கும், மீளும், வடிவம் வளையம். குழந்தைக்கும் விளங்கும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, புதன்

ஒன்றே ஒன்று. பிள்ளைகள் அந்த வளையத்தையும் சக்கரத்தையும் 'ரப்பர்' என்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கையேட்டில் அப்படி எழுதிவிடாதீர்கள். நான் பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். பால்மரக் கன்று கோலகங்சாருக்கு வந்தது 1877இல். நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததில் பெரும்பங்கு அந்த மரத்தால். ரப்பர் என்றால் அதன் பால். இவர்கள் சக்கரம் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டது, ரசாயனத்தில் பிறந்தது. தொடக்கத்தில் பலகைக்கு இரும்புச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும் இருந்தன. சின்னக் கல் பட்டாலும் நின்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற அமெரிக்கர் பாலியூரித்தேன் சக்கரத்தைப் பலகையில் பூட்டிப் பரப்பிய பிறகுதான் இந்த விளையாட்டே வேறாயிற்று. அந்தப் பொருளுக்கு அதன் பெயரைக் கொடுங்கள், மரத்துக்கு மரத்தின் பெயர் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் இரவு

எல்லோரும் சக்கரம் சக்கரம் என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் வண்டிக்குச் சில்லுதான். முன்சில்லு, பின்சில்லு. தூய தமிழ் பேசும் ஐயா சக்கரத்தை எப்படி விட்டுவைத்தார் என்று விளங்கவில்லை. பேரிங்குக்குப் போதிகை என்று ஒரு சொல் உண்டு. தூணின் தலையில் பாரம் தாங்குவதும் போதிகைதான்.

ஸ்லாலம் நோர்வேயச் சொல். அதன் பொருள் சரிந்த தடம் என்பதே. நெளிவு அந்தச் சொல்லில் இல்லை. வழக்கில் வந்து ஏறிய பொருள். ஆகவே நெளிவைச் சொல்லுக்குள் திணித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை.

இரண்டு அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு யாரும் இன்னும் சொல் தரவில்லை. அச்சிடை என்று வைக்கலாமா?

ஈப்போவிலிருந்து, வியாழன் அதிகாலை

சக்கரத்தை நான் விட்டுவைக்கவில்லை, முறை வரட்டும் என்றிருந்தேன். ஆழி, நேமி, உருளி, கால் என்று நம்மிடம் இல்லாத சொல்லா? பழந்தேரின் சக்கரத்தில் நடுவே குறடு, அதிலிருந்து ஆர், சுற்றிலும் சூட்டு. பாலியூரித்தேனுக்கு நடுவில் கெட்டியான ஓர் உள்வட்டு இருக்கிறதாமே, அதற்குக் குறடு என்பதைவிடச் சரியான சொல் கிடைக்காது. முழுவதற்கும் உருளி என்க. உருள்பலகைக்கு உருளி, ஒரே வேர்.

கிள்ளானிலிருந்து, வியாழன்

ஐயா, குறடு என்றால் எங்கள் பட்டறையில் பிடித்து இழுக்கும் கருவி. "குறட்டைக் கழற்று" என்று சொன்னால் பையன் கருவிப்பெட்டியைத் திறப்பான்.

பினாங்கிலிருந்து, வியாழன்

சில்லு இங்கே கைப்பேசிக்குள் இருக்கும் சிப். அச்சிடை என்பதை அச்சிடுதல் என்று படிக்க நேரும், அதுவும் அச்சகத்துக்குப் போகும் கையேட்டில். அச்சு இடைவெளி என்று இரண்டு சொல்லாக எழுதினால் என்ன குறை?

ஐயா, இழியோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இழி' புறநானூற்றில் இறங்குவது, மறுக்கவில்லை. இன்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த இழிவு, இழிசொல், இழிநிலை எல்லாம் வேறு. தோட்டத்துப் பிள்ளைகளை இழிவாகப் பேசியவர்களை இந்த ஊர்கள் பார்த்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் தங்கள் விளையாட்டைப் பெருமையோடு சொல்லும் பெயரில் அந்த எழுத்து இருக்கக்கூடாது. இறங்கு என்ற வினையிலிருந்து இறங்கோட்டம். சாவும் வராது, இழிவும் வராது. ஸ்லாலமுக்கு நெளியோட்டம்.

தாப்பாவிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. கிடைத்த சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதி, இன்று மாலை நான்கு தாய்மார்களிடம் வாசிக்கக் கொடுத்தேன்:

"நெளியோட்டத்துக்குக் குட்டைப் பலகை வேண்டும், அச்சு இடைவெளி 45 முதல் 55 செ.மீ. இருந்தால் போதும். முன் திருப்பச்சின் கோணம் கூடுதலாக இருக்கட்டும், சற்றுச் சாய்ந்ததும் திரும்ப வேண்டும். பின் திருப்பச்சின் கோணத்தைக் குறைத்து வைத்தால் அது அடங்கிப் பின்தொடரும். சக்கரம் அகலமாகவும் கூர்விளிம்போடும் இருந்தால் தாரைப் பற்றும். இறங்கோட்டத்துக்கு வளைந்து கொடுக்காத விறைத்த பலகை, 70 மி.மீ. அளவுச் சக்கரம். வன்மை எண் 80ஐ ஒட்டியிருந்தால் நல்ல பிடி. எண் கூடக்கூடச் சக்கரம் வன்மையாகி எளிதில் சறுக்கும். நடுவாணியை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப இறுக்கு. இறுக்கி இறுக்கியும் போதவில்லை என்றால் மெத்துவளையத்தை மாற்று. வேகத்தில் நடுக்கம் வந்தால் எடையைப் பின்னுக்குத் தள்ளாதே. முன்காலில் நில்."

ஒருவர் 'நடுவாணி' வந்த இடத்தில் நின்று, படத்தைப் பார்த்து, விரலால் சரியாகத் தொட்டுக் காட்டினார். 'வன்மை'க்கு விளக்கமே தேவைப்படவில்லை. வல்லினம், மெல்லினம் படித்தவர்கள்தானே. 'மெத்துவளையம்' படத்தோடு புரிந்தது. 'திருப்பச்சு'வை மூவர் திரு, பச்சு என்று பிரித்து வாசித்தார்கள். அதனால் முதல்முறை வரும் இடத்தில் 'திருப்பு அச்சு' என்று பிரித்தே எழுதுகிறேன். நடுக்கத்தைப் பிள்ளைகள் மலாய்ச் சொல்லால் 'கோயாங்' என்கிறார்கள். அது அவர்கள் வாயில் இருக்கட்டும், தாளில் நடுக்கம்.

சக்கரம், பேரிங் இரண்டையும் மாற்றவில்லை. நாளை கடையில் போய்க் கேட்கப்போவது இந்தத் தாய்மார்கள். அவர்களைக் கடைக்காரர்முன் தடுமாற விட எனக்கு மனமில்லை.

கிள்ளானிலிருந்து, வெள்ளி காலை

அப்படியே அனுப்பிவிடுங்கள், டீச்சர். புஷ் என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் ஒருமுறையாவது போடுங்கள். மாற்றுப் பாகம் வாங்க என் போன்றவனிடம்தான் வரப்போகிறார்கள்.

ஈப்போவிலிருந்து, வெள்ளி மதியம்

பெரும்பான்மைக்கு ஒப்புகிறேன், கையேடு வரட்டும். பினாங்குத் தங்கை இழிவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அந்தக் காரணத்துக்காக இழியோட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். நுடங்கோட்டத்தையும் உருளியையும் திரும்பப் பெறவில்லை. நுடங்கு என்ற சொல்லுக்கு இன்று வேறு எந்தப் பொருளும் ஒட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒதுங்கிக் கிடக்கும் நல்ல சொல்லைப் புதுப்பொருளுக்கு எடுத்துக்கொள்வதுதான் கலைச்சொல்லாக்கம். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி மாலை

பிந்தி வந்ததற்குப் பொறுக்கவும். சில்லை எங்கள் பதிப்புக்கு நாங்கள் வைத்துக்கொள்வோம். திருப்பச்சின் மூக்கு அடித்தட்டில் போய் உட்காரும் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் நடுவாணியை எவ்வளவு இறுக்கினாலும் திருப்பச்சு தளர்ந்தே நிற்கும். அதற்கு என்ன சொல் வைத்தீர்கள்? குழிக்கிண்ணம் என்று நினைத்தேன். ஆனால் கிண்ணமே குழிந்ததுதானே?