பார்வை போன பிறகு டீ, அடுப்பு, மாத்திரை, ஃபோன்: அப்பாவுக்கு எப்படிப் பழக்குவது?

கரையோரம்:
அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பிரெய்ல் தெரியாது. பகலில் வீட்டில் தனியாக இருப்பார். டீ ஊற்றுவது, அடுப்பு, மாத்திரை, ஃபோன் நான்கையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எதிலிருந்து தொடங்கலாம்?

நீலவண்டு:
முதலில் அவர் விரல் நுனியைச் சோதியுங்கள். நாள்பட்ட சர்க்கரை நோயில் கையிலும் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அளவில் சற்றே மாறுபடும் இரண்டு பட்டன்களைக் கொடுத்து எது பெரியது என்று கேளுங்கள். தடுமாறினால், பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க ஒட்டும் புடைத்த சின்னப் புள்ளி ஸ்டிக்கர்கள் உதவாது. சூடு பட்டாலும் உடனே உறைக்காது. மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

ஊற்றும்போது கோப்பை விளிம்பு உயர்ந்த டிரேக்குள் இருக்கட்டும். கெட்டில் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொடவைத்த பிறகே சாய்க்க வேண்டும். தண்ணீர் என்றால் விரலை உள்ளே மடக்கி அளவு பார்க்கலாம். சூடானதில் அது கூடவே கூடாது. அதற்கென்றே விளிம்பில் மாட்டும் சிறு கருவி கிடைக்கிறது; உள்ளே தொங்கும் கம்பிகளைத் திரவம் தொட்டதும் பீப் அடிக்கும். கம்பியைத் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் காலிக் கோப்பையிலும் கத்தும்.

அடுப்பில், பாத்திரத்தை நடுவில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். இறக்கும்போது முதலில் அணைக்கணும், அப்புறம் தூக்கணும். தொளதொளச் சட்டைக் கை ஆகாது. தொடுதிரை அடுப்பாக இருந்தால் ஸ்டிக்கரைப் பட்டன் மேல் ஒட்டாதீர்கள். தேடும் விரல் பட்டாலே அது இயங்கிவிடும், பக்கத்தில் ஒட்டுங்கள். நிறைய ஒட்டினால் குழப்பம்தான்; ஆன், ஆஃப் இரண்டும் போதும்.

மூன்றாம்படி:
மாத்திரை டப்பாவின் மூடியில் அடையாளம் வைக்காதீர்கள். இரண்டைச் சேர்த்துத் திறந்தால் மூடி மாறிவிடும். டப்பாவின் உடம்பில்தான் வைக்க வேண்டும். காலைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று அறுந்தால் இரவு மருந்து காலை மருந்தாகிவிடும். ஒன்றுக்குத் துணி டேப் சுற்றுங்கள், மற்றதைச் சதுர டப்பாவில் போடுங்கள். நாளுக்கு ஓர் அறை உள்ள வார மாத்திரைப் பெட்டியைப் பார்வையுள்ளவர் நிரப்பட்டும். மூடி இறுக்கமானதாக இருக்க வேண்டும், கீழே விழுந்தால் எல்லாம் கலந்துவிடும்.

இன்சுலின் பேனா இருந்தால் கிளிக் சத்தத்தை மட்டும் எண்ணி அளவு வைக்க விடாதீர்கள். மருத்துவரிடம் மாற்று வழி கேளுங்கள்.

கரையோரம்:
நன்றி. இன்சுலின் உண்டு, கேட்கிறேன். ஃபோன் ஆண்ட்ராய்டு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போட்டதும் உறைந்துபோனது போல் ஆகிவிட்டது.

நீலவண்டு:
உறையவில்லை. டாக்பேக்கில் ஒரு தட்டு படிக்க மட்டும்தான். திறக்க, திரையில் எங்கேயாவது இரண்டு முறை வேகமாகத் தட்ட வேண்டும். வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். பெரும்பாலான ஃபோன்களில் வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் டாக்பேக் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். அந்தக் குறுக்குவழி செட்டிங்ஸில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு வேகத்தை ஆரம்பத்தில் குறைத்து வையுங்கள். முகப்புத் திரையில் நான்கைந்து ஆப்களை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள், அவற்றின் இடத்தையும் மாற்றாதீர்கள்.

மூன்றாம்படி:
இடம் மாற்றாமல் இருப்பது வீட்டுக்கும் பொருந்தும். முக்கியமாகக் கதவு: முழுக்கத் திறந்திருக்கட்டும் அல்லது முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு, நீட்டிய இரண்டு கைகளுக்கும் நடுவே வந்து நெற்றியில் இடிக்கும். மேல் அலமாரிக் கதவுகளும் அப்படியே.