யூகோஸ்லாவிய தினார்: ஒரே தொகை, ஒரே முகம், வேறு வேறு வரிசை. எப்படிப் பிரிப்பது?

தாள்பணம்_சேகர்:
யூகோஸ்லாவிய நோட்டுகள் ஒரு கட்டு கையில் இருக்கிறது. ஆண்டு வாரியாக ஆல்பத்தில் போடப் பார்த்தால் சில இடங்களில் இடிக்கிறது.

1993 என்றே போட்ட 50 லட்சம் தினார் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் நிகோலா டெஸ்லா, இன்னொன்றில் வேறு ஒருவர். உருக்காலைத் தொழிலாளி 1000 தினாரிலும் இருக்கிறார், 10 தினாரிலும் இருக்கிறார். 1992 தேதியிட்ட இரண்டு நோட்டுகள் ஒரே வடிவமைப்பு, ஆனால் யூகோஸ்லாவியா என்ற பெயரே அவற்றில் இல்லை. கடைசியாக, 50,000 கோடி தினார் நோட்டு ஒன்று. இது அரிதா?

பழையதாள்:
முதலில் ஒரு பழக்கத்தை விடுங்கள்: தொகையை வைத்துத் தேடாதீர்கள். இந்த நாட்டுக்கு அது உதவாது. நோட்டில் உள்ள தேதியையும், அது எந்த தினார் என்பதையும் பாருங்கள்.

பூஜ்யம் வெட்டிய வரலாறு இது. 1966 ஜனவரியில் 100 பழைய தினார் 1 புதியது ஆனது. 1990 ஜனவரியில் 10,000-க்கு 1. 1992 ஜூலையில் 10-க்கு 1. 1993 அக்டோபரில் 10 லட்சத்துக்கு 1. மூன்றே மாதம் கழித்து, 1994 ஜனவரி 1-ல் 100 கோடிக்கு 1. அதுவும் தாங்காமல் ஜனவரி 24-ல் ஜெர்மன் மார்க்குக்கு ஈடாக 'நோவி தினார்', அதாவது புதிய தினார், வந்தது.

ஆக, 1993 என்ற ஆண்டுக்குள்ளேயே இரண்டு தனித்தனி பணங்கள் இருக்கின்றன. உங்கள் 50 லட்சத்தில் டெஸ்லா இருப்பது அக்டோபருக்கு முந்தைய வரிசை. மற்றவர் காராஜார்ஜே, அது அக்டோபருக்குப் பிந்தையது. முன்னதைப் போல 10 லட்சம் மடங்கு மதிப்பு, எழுதியிருப்பது அதே தொகை! 5 லட்சம், 5 கோடி, 50 கோடி ஆகியவற்றிலும் இதே குழப்பம் உண்டு. அக்டோபர் வரிசையை ஆளை வைத்து அடையாளம் காணலாம்: 5 லட்சத்தில் டோசிதே ஒப்ரடோவிச், 5 கோடியில் மிஹைலோ பூபின், 50 கோடியில் புவியியலாளர் யோவான் ஸ்வீயிச். இந்த முகங்கள் இல்லாவிட்டால் முந்தைய வரிசையில் வையுங்கள்.

டெஸ்லாவை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 1970-ன் 500, 1990 முதல் 1992 வரையிலான 1000, 1993-ன் 1000 கோடி என எல்லாக் காலத்திலும் அவர் இருக்கிறார்.

50,000 கோடியில் இருப்பவர் கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாய். பூஜ்யங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏராளமாகப் புழங்கிய நோட்டு. மடிப்பே இல்லாததற்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு. வரிசை எண் 'இசட்ஏ' என்று தொடங்கினால் அது மாற்று நோட்டு, அதாவது அச்சில் கெட்டுப்போனதற்குப் பதிலாகச் சேர்த்தது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

லூப்10எக்ஸ்:
மேலே சொன்னது சரி. தொழிலாளிக்கு வருகிறேன்.

1000 தினாரில் அவர் இரண்டு முறை வருகிறார், 1955-லும் 1963-லும். படம் ஒன்றுதான், நாட்டின் பெயரில்தான் வித்தியாசம். 1955-ல் 'ஃபெடரேட்டிவ்னா நரோட்னா' (கூட்டாட்சி மக்கள்), 1963-ல் 'சோஷியலிஸ்டிச்கா ஃபெடரேட்டிவ்னா' (சோஷலிசக் கூட்டாட்சி). அதே ஆள் 1965 முதல் 10 தினாரில் இருப்பதற்குக் காரணம் அந்த 100-க்கு 1 மாற்றம்: 1000 பழையது 10 புதியது, மக்களுக்குத் தடுமாற்றம் வராமல் இருக்கப் படத்தை அப்படியே விட்டார்கள். 1955 நோட்டில் அச்சுத் தகட்டின் எண் அச்சாகியிருக்கிறதா, 1968 தேதியிட்ட 10 தினாரில் வரிசை எண் 6 இலக்கமா 7 இலக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டலாக்கில் இவை தனித்தனி வகைகள்.

பெயரில்லாத 1992 ஜோடியில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். க்னின் என்றிருந்தால் குரோஷியாவுக்குள் இருந்த செர்பிய கிராயினா. பான்யா லூகா என்றிருந்தால் போஸ்னியாவின் செர்பியக் குடியரசு. சிரில்லிக் எழுத்து படிக்கத் தெரியாததால் பலர் இரண்டையும் ஒரே உறையில் போட்டு, 'டூப்ளிகேட்' என்று ஒன்றை விற்றுவிடுகிறார்கள்.

உங்கள் கட்டுக்குள் 1985-ன் 5000 தினார், யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ படம், பின்பக்கம் யைட்சே நகரம் இருக்கிறதா? அவர் இறந்த ஆண்டைப் படியுங்கள். 1980 என்பதற்குப் பதில் 1930 என்று தவறாக அச்சான வகை ஒன்று உண்டு.

தாள்பணம்_சேகர்:
இருக்கிறது. ஆனால் அந்த இலக்கம் 8-ஆ 3-ஆ என்று சந்தேகமாக இருக்கிறது. இன்னொரு 1000 தினாரில் வட்டமான ரப்பர் முத்திரை வேறு. ஆல்பம் சாதாரண பிளாஸ்டிக் உறை, போதுமா?

லூப்10எக்ஸ்:
சந்தேகம் வந்தாலே பெரும்பாலும் அது 8 தான். இடப்பக்க வளைவுகளைச் சுரண்டினால் 3 கிடைத்துவிடும், அதனால்தான் உஷாராக இருக்க வேண்டும். 10 மடங்கு லூப்பில், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் காகித நார் எழும்பி நிற்கும், அடியில் உள்ள நுண்கோடுகள் அறுந்திருக்கும். அசல் பிழையில் கோடுகள் தொடர்ந்து ஓடும்.

முத்திரை போஸ்னிய தேசிய வங்கியுடையதாக இருக்கலாம். 1992-ல் யூகோஸ்லாவிய நோட்டுகள் மேலேயே முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். அடியில் உள்ள நோட்டு மலிவு, ரப்பர் முத்திரை செய்வது அதைவிட மலிவு. போலிகள் குவிந்து கிடப்பதில் வியப்பில்லை. நம்பகமான மாதிரியின் பெரிய ஸ்கேனோடு எழுத்தின் உயரம், விளிம்புக் கோட்டின் தடிமன் இரண்டையும் ஒப்பிடும் வரை முத்திரை இல்லாத நோட்டின் விலைக்கு மேல் கணக்கு வைக்காதீர்கள்.

பழையதாள்:
உறையைப் பற்றி: பிவிசி வகை பிளாஸ்டிக் என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் நாளடைவில் கசிந்து, நோட்டு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். புது உறையிலேயே காரமான பிளாஸ்டிக் வாடை வந்தால் சந்தேகப்படலாம். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், நோட்டைவிட எல்லாப் பக்கமும் சில மில்லிமீட்டர் பெரிதாக.

கழுவுவது, இஸ்திரி போடுவது, கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவது மூன்றும் கூடாது. கழுவினால் காகிதத்தின் விறைப்பு போகும். அழுத்தினால் விரலில் தட்டுப்படும் மேடான அச்சு படுத்துவிடும். மடிப்பை மறைக்கத்தான் பலர் அழுத்துகிறார்கள், ஆனால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மடிப்புக் கோடு அப்படியே தெரியும்.

தேதி, எந்த தினார், எண்ணின் முன்னெழுத்து, நிலை ஆகியவற்றைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் நோட்டின் பின்னால் வையுங்கள். 10,000,000 தினார் 1993 நோட்டு இருந்தால் சீட்டு எழுதும் முன் இன்னொரு முறை பாருங்கள்: 1994 என்று மேலச்சு (பழைய நோட்டின் மேல் பிறகு அச்சிட்டது) இருந்தால் அது 1994 ஜனவரி வரிசையில் போகும்.